திரைக்குள் ஒரு வகுப்பறை – 6
‘ஆஹா’ என்று ஒரு விசை

1960ஆம் ஆண்டு. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்ஸர் என்ற இளம் பொறியாளர் கணினியைக் கொண்டு பாடம் நடத்தும் முயற்சியில் இறங்கினார். ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நின்ற ‘இல்லியாக்’ என்ற கணினி. மாணவருக்கு முன்னால் ஒரு தொலைக்காட்சித் திரை, சில விசைகள். அவ்வளவுதான். அந்த அமைப்புக்கு ‘பிளேட்டோ’ என்று பெயர். இணையம் பிறப்பதற்கு முன்பே பிறந்துவிட்ட இணையவழிக் கல்வி என்று அதைச் சொல்லலாம்.

அந்த விசைகளைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறேன். மாணவர் விடையைத் தட்டச்சு செய்து, சரிபார்க்கும் விசையை அழுத்த வேண்டும். விடை தவறென்றால் அடுத்த கேள்விக்குப் போக முடியாது. விடை தெரியாவிட்டால் ‘உதவி’ விசை இருந்தது. அது சட்டென்று விடையை நீட்டிவிடாது. கேள்வியைச் சின்னச் சின்னதாக உடைத்து, வேறொரு கிளை வழியே அழைத்துப் போகும். அந்த வழியில் பாதி தூரம் போவதற்குள் மாணவருக்குப் பொறி தட்டிவிட்டால்? அதற்கென்றே ‘ஆஹா’ என்று ஒரு விசை வைத்திருந்தார்கள். அழுத்தியதும், விட்ட கேள்விக்கே திரும்பி வந்து விடை எழுதலாம்.

இதில் எத்தனை மரியாதை இருக்கிறது என்று பாருங்கள்! எதிரே உட்கார்ந்திருப்பவர் யோசிப்பார், திணறுவார், நடுவில் திடீரென்று புரிந்துகொள்வார் என்று நம்பியவர்களுக்குத்தான் இப்படி ஒரு விசை தோன்றும். பிற்பாடு வீட்டுத் தொலைக்காட்சிகளில் வந்த பிளாஸ்மா திரையும் 1964இல் இந்தத் திட்டத்துக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதுதான். 1970களில் பிளேட்டோ மாணவர்கள் ஆரஞ்சு நிறத் திரையை விரலால் தொட்டே விடை சொன்னார்கள். பாடத்துக்கு என்ன வேண்டும் என்று முதலில் யோசித்தார்கள், கருவி பிறகு வந்தது.

இன்றைய கற்றல் தளம் எதையாவது திறந்து, அதில் என்னென்ன பொத்தான்கள் இருக்கின்றன என்று பாருங்கள். ஓட்டு, நிறுத்து, பத்து விநாடி தாவு, ஒன்றரை மடங்கு வேகம். எல்லாம் சினிமா பார்க்கும் திரையிலிருந்து வந்தவை. வீடியோ ஓடி முடிந்ததும் ஒரு பச்சை டிக் விழும், ‘நிறைவு’ சதவீதம் ஏறும். மாணவர் பார்த்தார் என்பதற்கு அது சாட்சி. புரிந்துகொண்டார் என்பதற்கு அல்ல. ஆனால் பிள்ளைகள் அந்தப் பச்சை டிக்கைத்தான் துரத்துகிறார்கள். எதை அளக்கிறோமோ அதைத்தான் அவர்கள் செய்வார்கள்.

எதை அளப்பது என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்குக் கான் அகாடமி என்ற கற்றல் தளத்தில் நடந்தது நல்ல உதாரணம். தொடக்கத்தில் அங்கே ஒரு பயிற்சியில் தேர்ச்சி பெறத் தொடர்ந்து பத்துக் கேள்விகளுக்குச் சரியாக விடையளிக்க வேண்டும். ஒன்பது சரியாகச் செய்து பத்தாவதில் சறுக்கினால், எண்ணிக்கை மறுபடி பூஜ்யம். கை தவறிய பிழைக்கும் புரியாத பிழைக்கும் அந்த விதியில் வேறுபாடே இல்லை. 2011இல் அதைக் கைவிட்டு, மாணவர் அடுத்த கேள்விக்குச் சரியாக விடையளிக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று கணிக்கும் முறைக்கு மாறினார்கள். நல்ல மாற்றம்.

வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் மனதில் பதியாதா என்று கேட்கலாம். ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை சொல்கிறது. கல்லூரி மாணவர்களில் ஒரு குழு ஓர் உரைநடைப் பகுதியை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒரு முறை படித்துவிட்டு, பார்க்காமல் மூன்று முறை நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்தவர்களே முந்தினார்கள்: 83 சதவீதம், எழுதியவர்கள் 71. ஒரு வாரம் போனது. படித்தவர்களுக்கு நினைவிருந்தது 40, எழுதியவர்களுக்கு 61. நன்றாக நினைவிருக்கும் என்ற நம்பிக்கை மட்டும் நான்கு முறை படித்தவர்களுக்கே அதிகம் இருந்தது! பச்சை டிக் கொடுப்பதும் இதே நம்பிக்கையைத்தான்.

2014இல் எடெக்ஸ் தளத்தின் 69 லட்சம் வீடியோ பார்வைகளை ஆராய்ந்தவர்கள், வீடியோ எவ்வளவு நீளமானாலும் மாணவர்கள் பொதுவாக ஆறு நிமிடத்துக்கு மேல் தங்குவதில்லை என்று கண்டார்கள். அதற்காக ஒரு மணி நேர உரையைப் பத்துத் துண்டாக வெட்டினால் மட்டும் போதுமா? துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில், விடை எழுதாமல் தாண்ட முடியாத ஒரு கேள்வி நிற்க வேண்டும். நம்முடைய ‘ஸ்வயம்’ தளத்தின் பாடங்களுக்கு வீடியோ, வாசிப்புப் பகுதி, சுயமதிப்பீடு, கலந்துரையாடல் என்று நான்கு அங்கங்கள் வகுத்திருக்கிறார்கள். திட்டம் சிறப்பானது. ஆனால் கேள்வி பெரும்பாலும் வார இறுதி ஒப்படைப்பில்தான் வருகிறது. திங்கட்கிழமை எழுந்த குழப்பத்துக்கு ஞாயிற்றுக்கிழமைக் கேள்வி உதவாது.

தளங்கள் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வீடியோ தயாரிக்கும் ஆசிரியர்களே, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பேச்சை நிறுத்தி ஒரு கேள்வி கேளுங்கள். நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பெற்றோர்களே, “எல்லா வீடியோவும் பார்த்து முடிச்சிட்டியா?” என்று கேட்பதை விடுங்கள். போனை வாங்கி வைத்துக்கொண்டு, “என்ன படிச்சே, எனக்குச் சொல்லு” என்று கேளுங்கள்.

(தொடரும்)