டிராக் பாடியவர் யார்?

எங்கள் தெரு அம்மன் கோவிலில் போன ஆடி வெள்ளிக்கு மெல்லிசைக் கச்சேரி. பாடியவர்களில் ஒருவருக்கு வயது அறுபதை ஒட்டியிருக்கும். பகலில் எலக்ட்ரிக் கடையில் கணக்கு எழுதுகிறார். கச்சேரி வட்டாரத்தில் அவருக்கு 'டி.எம்.எஸ். வாய்ஸ்' என்றுதான் பெயர். சொந்தப் பெயரை நோட்டீஸில்கூடப் போடவில்லை. அசல் தோற்றது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். உச்சஸ்தாயிக்குப் போகும் இடங்களில் மைக்கைத் தள்ளிப் பிடித்துச் சமாளித்தார். கீபோர்டுக்காரர் அவருக்காகவே சுருதியை அரைக்கட்டை இறக்கி வைத்திருந்தார். ஆனாலும் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்து போய், நூறு ரூபாய்த் தாளை அவர் சட்டையில் குத்திவிட்டு 'ஒன்ஸ் மோர்' என்றார்.

கச்சேரி முடிந்து சுண்டல் பொட்டலத்தோடு நின்றபோது அவர்தான் பேச்சை ஆரம்பித்தார். "ஏன் சார், செத்துப்போனவங்களையே இப்பக் கம்ப்யூட்டர் பாட வைக்குதாமே. இனிமே டி.எம்.எஸ். வாய்ஸுக்கு என்னை எவன் கூப்பிடுவான்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. சுண்டலைத் தின்றுகொண்டிருந்தேன்.

அவர் கேள்விப்பட்டது வதந்தியில்லை. 2024 பிப்ரவரியில் வெளியான 'லால் சலாம்' படத்துக்காக ஏ.ஆர். ரஹ்மான் ஒரு பாட்டில் ஷாகுல் ஹமீதையும் பம்பா பாக்யாவையும் பாட வைத்தார். ஷாகுல் ஹமீது தொண்ணூறுகளின் பிற்பகுதியில் சாலை விபத்தில் இறந்தவர். பம்பா பாக்யா 2022 செப்டம்பரில், 'பொன்னியின் செல்வன்' திரைக்கு வரும் முன்பே போய்ச் சேர்ந்தார். இரண்டு குடும்பங்களிடமும் அனுமதி வாங்கியதையும், குரலுக்கு உரிய தொகை கொடுத்ததையும் ரஹ்மான் வெளிப்படையாகச் சொன்னார். முறையாகக் கையாண்டால் தொழில்நுட்பம் யாருக்கும் அச்சுறுத்தல் இல்லை என்பது அவர் கட்சி.

'திருடா திருடா' படத்தில் வாத்தியமே இல்லாமல், கோரஸை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு ஷாகுல் ஹமீது பாடியதைக் கேட்டு வளர்ந்தவன் நான். புதுப் பாட்டில் அந்தக் குரல் வந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது, மறைப்பானேன். மூன்றாவது தடவை கேட்டபோதுதான் ஏதோ இடித்தது. ஒரு சொல்லை இழுத்து விடும்போது கூடவே வரும் சின்னத் தயக்கம் ஒன்று அவரிடம் உண்டு; அதைக் காணோம். என் காதின் பிரமையாகவும் இருக்கலாம். யார் குரல் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு கேட்ட காது நியாயம் பேச முடியாது.

அதே ஆண்டு இன்னொன்று. பாடகி பவதாரிணி ஜனவரி 25-ஆம் தேதி இலங்கையில் இறந்தார். ஜூன் மாதம், விஜய் பிறந்தநாளில் வந்த 'தி கோட்' படப் பாட்டில் அவர் குரல் இருந்தது. இசை, தம்பி யுவன் சங்கர் ராஜா. இயக்கம், சித்தப்பா மகன் வெங்கட் பிரபு. இதை என்னால் குறை சொல்ல முடியவில்லை. ஒரு வீடு தன் பெண்ணை இன்னொரு முறை கூப்பிட்டுப் பார்த்திருக்கிறது. அந்த வீட்டு விஷயத்தில் நாம் யார்?

நான் சொல்ல வருவது வேறு. இங்கே கணினி தானாக வாயைத் திறந்து பாடிவிடவில்லை. இந்த மாதிரிப் பாட்டுகளுக்கு உயிரோடிருக்கும் ஒருவர் மைக் முன்னால் நின்று முழுப் பாட்டையும் முதலில் பாடிக் கொடுக்க வேண்டும். பாவம், சங்கதி, உச்சரிப்பு, எந்தச் சொல்லுக்கு முன்னால் மூச்சு எடுப்பது, எல்லாம் அவருடையது. இறந்தவரின் பழைய பதிவுகளைக் கொடுத்துப் பழக்கிய மென்பொருள், அதன் மேல் அவரது குரல்நிறத்தைப் பூசுகிறது. அவ்வளவுதான்.

ரெக்கார்டிங் தியேட்டர்களில் 'டிராக் பாடுவது' என்று ஒரு வேலை உண்டு. பெரிய பாடகர் வருவதற்கு முன்னால், மெட்டில் வரிகள் எப்படி உட்காருகின்றன என்று பார்க்க ஒருவர் பாடிக் கொடுப்பார். பெரியவர் வந்து பாடியதும் அதைத் தூக்கிவிடுவார்கள். எப்போதாவது இசையமைப்பாளருக்கு டிராக்கே பிடித்துப்போய், அதையே படத்தில் வைத்துவிடுவதும் நடக்கும். அந்த ஒரு நம்பிக்கையில் வருஷக்கணக்காக டிராக் பாடுகிறவர்கள் இருக்கிறார்கள். நள்ளிரவில் கூப்பிட்டாலும் ஆட்டோ பிடித்துப் போவார்கள். ஏஐ பாட்டில் வேடிக்கை என்னவென்றால், டிராக்கைத் தூக்குவதே இல்லை. பாட்டு முழுக்க அவர் பாடியதுதான் இருக்கிறது. குரல் மட்டும் வேறொருவருடையது. செய்தியும் கைதட்டலும் அந்த வேறொருவருக்கு. ரசிகர்கள் அழுதது யார் பாடியதைக் கேட்டு?

நகலைக் கேவலமாகப் பேசும் உரிமை நமக்கு இல்லை. டி.எம். சௌந்தரராஜனே தன் முதல் படமான 'கிருஷ்ண விஜயம்' படத்தில் தியாகராஜ பாகவதர் பாணியில்தான் பாடினார். படம் வந்தது 1950-ல். பாகவதர் மாதிரியே பாடுகிறாரே என்பதுதான் அன்றைக்கு அவருக்குக் கிடைத்த பாராட்டு. அந்த நிழலை விட்டு வெளியே வந்த பிறகுதான் எம்.ஜி.ஆருக்கு ஒரு தொண்டை, சிவாஜிக்கு ஒரு தொண்டை என்று ஆளைப் பார்த்துக் குரலை மாற்றும் வித்தை அவருக்குக் கைவந்தது. பாட்டுத் தொழிலில் நகல் எடுப்பது திண்ணைப் பள்ளிக்கூடம் மாதிரி. படித்து முடித்துவிட்டு எழுந்து போகவேண்டும். இன்றைக்கு ஷாகுல் ஹமீதுக்கு அடியில் பாடிய பையனோ பெண்ணோ எழுந்து எங்கே போவது? அவர் பாடினார் என்பதே வெளியில் தெரியாதே.

அரசியல்காரர்கள் இதில் பின்தங்கிவிடுவார்களா? 2024 ஜனவரியில் டி.ஆர். பாலுவின் தன்வரலாற்று நூல் வெளியீட்டு விழாவில் பெரிய திரையில் கலைஞர் தோன்றி வாழ்த்தினார். கூடவே மகனின் ஆட்சியையும் பாராட்டினார். அடுத்த மாதம் 24-ஆம் தேதி, ஜெயலலிதா பிறந்தநாளில், அவர் குரலில் ஓர் ஒலிப்பதிவை அ.தி.மு.க. வெளியிட்டது. அந்தக் குரல் தொண்டர்களிடம் எடப்பாடி பழனிசாமிக்குத் துணை நிற்கச் சொன்னது. அவர் இறந்து அப்போது ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

தேர்தல் வந்தால் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு வேனில் நின்று கும்பிடும் எம்.ஜி.ஆர். வேஷக்காரர்களைப் பார்த்துப் பழகிய ஊர் இது. அதைப் பார்த்து யாரும் பயந்ததில்லை. வேஷம் கலைந்ததும் அவரும் நம்மோடு டீக்கடையில் நிற்பார். மேடையில் கலைஞர் குரலில் பேசும் மிமிக்ரிக்காரரும் அப்படித்தான். கரகரப்பைப் பிடித்துவிட்டார் என்று ரசித்துவிட்டு வீட்டுக்குப் போவோம். திரையில் வந்த கலைஞரிடம் எனக்குப் பிடிக்காதது வேறு: அவரை யாரும் குறுக்கே கேள்வி கேட்க முடியாது. கலைஞர் பேச்சின் ருசியே குறுக்கீட்டுக்கு அவர் தரும் பதிலில்தான் இருந்தது. சட்டமன்றத்தில் எதிர்வரிசை ஒன்று சொல்லும், அடுத்த நொடி அவர் திருப்பித் தருவார். அந்த மனிதரைக் குறுக்கீடே இல்லாத ஒரு வாழ்த்துரைக்குள் அடைத்துவிட்டார்கள். 2016 டிசம்பரில் மூச்சுக்காகத் தொண்டையில் குழாய் பொருத்தினார்கள். அதற்குப் பிறகு, 2018 ஆகஸ்டில் மறையும்வரை, தமிழ்நாடு அவர் மேடைப் பேச்சைக் கேட்கவில்லை. அந்த மௌனத்தைக் கூடவா நிரப்ப வேண்டும்?

குடும்பம் சம்மதித்தால் போதாதா என்று கேட்கலாம். சட்டம் அதைக்கூடக் கட்டாயமாக்கவில்லை. 'தலைவி' படத்தை எதிர்த்து ஜெயலலிதாவின் அண்ணன் மகள் தீபா போட்ட வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஒருவரின் அந்தரங்கமும் நற்பெயரும் அவரோடு முடிகின்றன, வாரிசுக்கு வராது. பதிப்புரிமைச் சட்டம் பாடகருக்கு 50 ஆண்டு உரிமை தருகிறது. ஆனால் அது பாடிப் பதிவான பாட்டுக்கு. குரலுக்கு என்று தனியாக ஒன்றுமில்லை. உயிரோடிருப்பவருக்குக் கொஞ்சம் வழி திறந்திருக்கிறது. 2024 ஜூலையில் அரிஜித் சிங் கேட்டதும், அனுமதியில்லாமல் அவர் குரலை ஏஐ கொண்டு நகலெடுக்கப் பம்பாய் உயர் நீதிமன்றம் தடை போட்டது. மறைந்த எஸ்.பி.பி.யின் குரலை 'கீடா கோலா' என்ற தெலுங்குப் படம் கேட்காமல் பயன்படுத்தியதாக மகன் சரண் வக்கீல் நோட்டீஸ்தான் அனுப்ப முடிந்தது. ஆக, ரஹ்மான் அந்தக் குடும்பங்களுக்குக் கொடுத்தது சட்டத்துக்குப் பயந்த காசு என்று சொல்ல முடியாது. அது அவர் மரியாதை. எல்லா இசையமைப்பாளர்களும் ரஹ்மானாக இருப்பார்கள் என்று எழுதிக் கொடுக்க ஆளில்லை.

உயிரோடிருந்தாலும் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை 2025 ஆகஸ்டில் பார்த்தோம். 2013-ல் வந்த 'ராஞ்சனா', தமிழில் 'அம்பிகாபதி', ஏஐ தயாரித்த புது முடிவோடு திரும்ப வெளியானது. செத்துப்போகும் நாயகன் பிழைத்துக்கொள்கிறான். இயக்குநர் ஆனந்த் எல். ராய் எதிர்த்தார். இது நான் நடிக்க ஒப்புக்கொண்ட படமில்லை என்று தனுஷ் அறிக்கை விட்டார். படம் ஓடியது. உரிமை, தயாரித்த நிறுவனத்திடம். தனுஷுக்கே இதுதான் கதி என்றால் எலக்ட்ரிக் கடைக் கணக்குப்பிள்ளைக்கு என்ன?

போன மாதம் அவரே கூப்பிட்டார். யாரோ ஒரு பையன் ஃபோன் செய்தானாம். பத்துப் பாட்டு பாடிக் கொடுத்தால் ஐயாயிரம் ரூபாய். எதுக்கு என்று கேட்டதற்கு 'சாம்பிளுக்கு' என்றானாம். ஒப்பந்தத்தை வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பினார். நான்கு பக்கம், முழுக்க ஆங்கிலம். மூன்றாம் பக்கத்தில் இருந்தது: இப்போதுள்ள, இனிமேல் கண்டுபிடிக்கப்படும் எல்லாத் தொழில்நுட்பங்களிலும், உலகம் முழுக்க, எக்காலத்துக்கும். அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள் என்றேன். பாடியவர் என்று உங்கள் பெயரைப் போடவேண்டும் என்றும் கேளுங்கள் என்றேன்.

அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். பெண்ணுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டிய வாரமாம். பெயரைப் பற்றி மட்டும் கேட்டிருக்கிறார். பார்க்கலாம் என்றார்களாம்.