விண்ணுயர் கோபுரமும் பாவா ஆதம் மலையும்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மொட்டை மாடிகளில் உள்ள செய்மதித் தொலைக்காட்சிக் கிண்ணங்கள் வானை நோக்கி மல்லாந்து கிடக்கின்றன. இலண்டனிலோ அவை நிமிர்ந்து அடிவானத்தை நோக்கி நிற்கும். மக்காவின் தொழுகையையும் சென்னையின் தொடர்களையும் நமக்குத் தரும் செய்மதிகள் நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே, 35,786 கிலோமீற்றர் உயரத்தில் வரிசையாக நிற்பதே இதற்குக் காரணம். கொழும்பு அக்கோட்டிலிருந்து 7 பாகையே விலகியுள்ளது.

அவ்வுயரத்தில் சுற்றும் பொருள், பூமி தன்னைத்தானே சுற்றும் அதே நேரத்தில் ஒரு சுற்றை முடிப்பதால் கீழிருப்போருக்கு அசையாது நிற்பதாகவே தோன்றும். அங்கே ஒரு நிலையத்தைக் கட்டலாம் என 1928இல் விரிவாக வரைந்து காட்டியவர் ஹேர்மன் பொட்டோச்னிக் என்ற ரொக்கெட் பொறியியலாளர். மனிதர் வசிக்கச் சுழலும் சக்கரம், சூரிய வெப்பத்தால் இயங்கும் மின்நிலையம், ஆய்வுகூடம் என அனைத்தையும் திட்டமிட்ட அவர், மறு ஆண்டே வறுமையிலும் காசநோயிலும் வாடி 36 வயதில் மறைந்தார்.

அத்தகைய மூன்று நிலையங்கள் இருந்தால் உலகெங்கும் ஒலி, ஒளி அலைகளை அனுப்பலாம் என்று 1945இல் எழுதியவர் ஆதர் சி. கிளார்க். அவற்றில் மனிதர் குடியிருக்க நேரும் என அவர் கருதினார். அக்காலத்து வானொலி வால்வுகள் எரிந்துபோனால் மாற்றுவதற்கு ஆள் வேண்டுமல்லவா! 1947இல் டிரான்சிஸ்டர் பிறந்தது, அந்தத் தேவையும் ஒழிந்தது. 1956இல் இலங்கைக்கு வந்த கிளார்க், 2008இல் மறையும்வரை கொழும்பையே இல்லமாகக் கொண்டார். கிராமங்களுக்குச் செய்மதிவழிக் கல்வி ஒளிபரப்பை இந்தியா 1975இல் பரிசோதித்தபோது, இந்திய விண்வெளிப் பொறியியலாளர்கள் அவர் வீட்டிலும் ஒரு கிண்ணத்தை நிறுவினர். இலங்கைக்கெனத் தொலைக்காட்சி வந்தது 1979இல்தான்.

அதே ஆண்டு வெளிவந்த அவரது நாவலொன்று, லெனின்கிராட் பொறியியலாளர் யூரி அர்த்சுத்தானொவ் 1960இல் முன்வைத்த யோசனையை விரித்துரைத்தது. நிலையான செய்மதியிலிருந்து பூமிவரை ஒரு வடத்தை இறக்கினால், ரொக்கெட் இன்றியே மின்வண்டிகளில் சரக்கை மேலேற்றலாம் என்பதே அந்த யோசனை. வடத்தின் அடித்தளமாகக் கிளார்க் தெரிவு செய்த கற்பனை மலைக்கு முன்மாதிரி, தமிழர் சிவனொளிபாதமலை என்றும் முஸ்லிம்கள் பாவா ஆதம் மலை என்றும் போற்றும் நமது மலையேயாகும். அதற்காகத் தீவையே ஏறத்தாழ 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்தினார். நாவலாசிரியருக்கு அது இயலும்!

எனினும் இத்தெரிவு வெறுங்கற்பனையன்று. நிலநடுக்கோடு முழு வட்டமல்லாததால் அங்குள்ள செய்மதிகள் மெல்ல விலகிச் செல்லும். அவ்வாறு விலகாது நிற்கக்கூடிய இரு இடங்களுள் ஒன்று கிழக்கு 75 பாகையளவில், மாலைதீவுக்கும் கொழும்புக்கும் இடைப்பட்ட நெடுங்கோட்டில் உள்ளது. தடை வடத்தில்தான். உருக்குக் கம்பி தன் பாரத்தாலேயே அறுந்துவிடும். கார்பன் நுண்குழாய்க்குப் போதிய வலிமை உண்டென்பர். ஆனால் சீனாவில் 2013இல் வளர்த்துக் காட்டப்பட்ட மிக நீண்ட தனியிழை அரை மீற்றரளவே.

வடம் வரும்வரை அந்த வானவீதி யாருக்கு? கொலம்பியா, இந்தோனேசியா, கென்யா முதலிய நிலநடுக்கோட்டு நாடுகள் 1976இல் பொகோட்டாவில் கூடித் தமக்கே உரியதென்றன, உலகம் ஏற்கவில்லை. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தில் பதிந்து, செய்மதியை ஏவ வல்லவரே இடம்பிடிக்கின்றனர். கிளார்க்கின் பெயரால் 1984இல் கட்டுபெத்தையில் நிறுவனம் அமைத்த நாம், பெயர் சூட்டிய அளவுக்கு ஆய்வுகூடங்களுக்குச் செலவிட்டதாகத் தெரியவில்லை. 2019இல் ஏவப்பட்ட நமது சிறு செய்மதி இராவணா-1ஐ உருவாக்கிய இலங்கைப் பொறியியலாளர் இருவரும் அப்பணிக்கு ஜப்பானின் கியூஷு தொழில்நுட்பக் கல்லூரிக்கே செல்ல நேர்ந்தது.