வெயிலில் தனியே ஒரு சைக்கிள்

பெங்களூர் சைக்கிள்காரர்களுக்கு நந்தி மலை ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம். விடியுமுன் கிளம்பி, ஏறி இறங்கி, தோசை சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பிவிடலாம். அந்த மலைக்குப் போகும் ஹைதராபாத் நெடுஞ்சாலையிலேயே இன்னும் வடக்கே போனால் கதை வேறு. பாகேபல்லி தாண்டி ஆந்திராவுக்குள் நுழைந்தால் உருண்டைப் பாறைக் குன்றுகள், கடலைக்காடுகள், நிழலில்லாத சாலை. பெனுகொண்டா கடந்து, பெங்களூரிலிருந்து சுமார் 210 கிலோமீட்டரில் அனந்தபுரம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் பூமி அது. ஆண்டு மழை 550 மில்லிமீட்டர் அளவுதான்.

பெங்களூர் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அனந்தபுரம் 350 மீட்டர். இறக்கம் என்று கால்கள் மகிழும். ஆனால் இறங்க இறங்கக் காற்று சூடாகும், ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக ஆறரை டிகிரி. பெங்களூரில் இதுவரை பதிவான உச்ச வெப்பமே 39.2 டிகிரிதான் (2016 ஏப்ரல்). அனந்தபுரத்துக் கோடையில் 40-ஐத் தாண்டுவது செய்தியே அல்ல. உடல் வெயிலுக்குப் பழகப் பத்து, பதினான்கு நாள் வேண்டும். அதற்குள் ரத்த நீர்மம் கூடும், வியர்வை சீக்கிரம் தொடங்கும், அதில் உப்பு குறையும். பெங்களூர்க் குளுமையில் பயிற்சி எடுத்த உடலுக்கு இந்த அவகாசம் கிடைப்பதில்லை.

மிதிக்கும் மனிதன் ஓர் அடுப்பு. தசைகள் எரிக்கும் ஆற்றலில் கால்பங்கு கூடப் பெடலுக்குப் போய்ச் சேராது, மீதி வெப்பம். நிதானமாக 100 வாட் மிதித்தாலே 300 வாட்டுக்கு மேல் உள்ளே சூடு பிறக்கும். தோலின் வெப்பநிலை 35 டிகிரியை ஒட்டியது. காற்று அதைவிடச் சூடானால், வீசும் காற்றும் வெப்பத்தை உடலுக்குள்தான் தள்ளும். அப்புறம் மிஞ்சும் ஒரே வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் 580 கிலோகலோரி வெளியேறும். மிதிப்பதால் வரும் சூட்டுக்கு மட்டும் மணிக்கு அரை லிட்டர். தலைமேல் சூரியனையும் சேர்த்தால் ஒரு லிட்டரைத் தாண்டுவது சாதாரணம்.

சென்னையில் வியர்வை சொட்டும், காயாது. அனந்தபுரம் அடங்கிய ராயலசீமையில் நேர்மாறு. பிறந்த கணமே காய்ந்துவிடுவதால், 'எனக்கு வியர்க்கவே இல்லையே' என்று தோன்றும். சட்டையில் வெள்ளை உப்புக்கோடு தெரியும்போதுதான் கணக்கு புரியும். மேட்டில் மெல்ல ஏறும்போது, அதே வேகத்தில் பின்காற்றும் வீசினால், மேலே காற்றே படாது. அப்போது சூடு கிடுகிடுவென ஏறும்.

வெறும் தண்ணீராகவே குடித்துத் தள்ளுவதும் ஆபத்துதான். ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் மயக்கம், வலிப்பு வரை போகலாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் சோதிக்கப்பட்ட ஓட்டக்காரர்களில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. உப்புப் போட்ட மோர், எலுமிச்சை சோடா, மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஆகியவற்றுக்கு ஈடாக விலையுயர்ந்த எந்தப் பானமும் எனக்குத் தெரியவில்லை.

வறண்ட வெளியில் தனியே மிதிப்பது புதிதல்ல. ஆஸ்திரேலியாவில் ஆர்தர் ரிச்சர்ட்சன் 1896-இல் நல்லார்பார் வறள்வெளியைத் தனியாகச் சைக்கிளில் கடந்தார். கூல்கார்டியிலிருந்து அடிலெய்டுக்கு 31 நாள். துணிச்சல்தான், ஆனால் தனிப்பயணத்தின் நிஜச் சிக்கல் துணிச்சல் சம்பந்தப்பட்டதல்ல. உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைக் கடந்தால் குழம்புவது மூளை. 'நிறுத்து' என்று சொல்ல வேண்டிய புத்தியே தடுமாறும். பக்கத்தில் பார்த்துச் சொல்லவும் ஆளில்லை. ஆகவே முடிவை விடியற்காலையிலேயே எடுத்துவிட வேண்டும்: பதினொரு மணிக்கு எந்த ஊரில் இருந்தாலும் வண்டியை நிறுத்து, நான்கு மணிவரை நிழலைவிட்டு நகராதே.

காரில் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சாலையோரம் சைக்கிள்காரர் ஒருவர் உளறிக்கொண்டோ தள்ளாடிக்கொண்டோ இருந்தால், உடம்பு வியர்வையில் நனைந்திருக்கிறதே என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். உழைப்பால் வரும் வெப்பத்தாக்கில் வியர்வை நிற்காமலும் இருக்கலாம். நினைவு தெளிவில்லாதவருக்குக் குடிக்கக் கொடுக்காமல், நிழலுக்குக் கொண்டுபோய் உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். 108-ஐ அழையுங்கள், ஆம்புலன்ஸ் வரும்வரை ஊற்றுவதை நிறுத்தாதீர்கள்.