கென்னடி மகனின் கடைசிப் பயணம்: மேஜை மீது மீண்டும் பறக்கிறது விமானம்!

1963-ம் ஆண்டு நவம்பர் 25-ந் தேதி. அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் சவ ஊர்வலம். குண்டுக்குப் பலியான தகப்பனாரின் பெட்டி மெல்ல நகர்கிறது. தாயாரின் அருகில் குட்டைக் கோட்டு போட்ட ஒரு சிறுவன் நிற்கிறான். வலது கையை உயர்த்தி நெற்றியில் வைத்துச் சலாம் செய்கிறான். அன்று அவனுக்கு 3-வது பிறந்த நாள்!

உலகம் முழுவதும் பார்த்துக் கண் கலங்கிய படம் அது.

அந்தச் சிறுவன் ஜான் வளர்ந்தார். வக்கீல் ஆனார். பத்திரிகை நடத்தினார். விமானம் ஓட்டக் கற்றார். 1999-ம் ஆண்டு, 38-வது வயதில், தாமே ஓட்டிய சிறு விமானத்தோடு கடலில் விழுந்து மாண்டார்.

நடந்தது என்ன? அந்த விமானத்தில் இருந்த யாரும் பிழைக்கவில்லை. சொல்ல ஆள் இல்லை. ஆனாலும் அந்தப் பயணத்தை இன்று வீட்டு மேஜையில் உட்கார்ந்தபடியே மறுபடி நடத்திப் பார்க்கலாம்.

ஆர்மோனியத் துருத்தி

தரையில் இருந்துகொண்டே பறக்கும் வித்தை புதிது அல்ல. அமெரிக்காவில் பிங்காம்டன் என்ற ஊரில் எட்வின் லிங்க் என்று ஒருவர் இருந்தார். தகப்பனாருக்கு ஆர்கன் வாத்தியம் செய்யும் தொழிற்சாலை. ஆர்கன் என்பது நம் ஆர்மோனியத்துக்குப் பெரிய அண்ணன். துருத்தியில் காற்று அடைத்து வாசிப்பது.

லிங்க் என்ன செய்தார்? ஒரு மரப்பெட்டிக்குக் குட்டி இறக்கைகளை ஒட்டினார். துருத்திகளின் மேல் அதை உட்கார வைத்தார். உள்ளே இருப்பவர் கைப்பிடியைச் சாய்த்தால் பெட்டியும் சாயும்! இது 1929-ம் ஆண்டில். முதலில் பொழுதுபோக்குப் பூங்காக்கள்தான் வாங்கின. குழந்தைகள் ஏறி விளையாடினார்கள்.

1934-ல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் பைகளைக் கொண்டுபோனார்கள். மூடுபனியிலும் பனிப்புயலிலும் வழி தெரியாமல் பலர் செத்தார்கள். அப்போதுதான் அதிகாரிகளுக்கு லிங்கின் பெட்டி நினைவுக்கு வந்தது. 6 பெட்டிகள் வாங்கினார்கள். இரண்டாவது உலகப் போரின்போது லட்சக்கணக்கான விமானிகள் அதில் பழகினார்கள்.

துருத்தி போய்க் கம்ப்யூட்டர் வந்தது. 1982-ல் மைக்ரோசாப்ட் கம்பெனி, வீட்டுக் கம்ப்யூட்டருக்கான பாவனை விமானத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று அதில் ஊர், ஆறு, கடற்கரை, விமான நிலையம் எல்லாம் அசலைப் போலவே தெரிகின்றன.

அந்த இரவு

1999 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. நியூஜெர்சி மாநிலத்தில் கால்டுவெல் அருகே உள்ள சிறிய விமான நிலையம். இரவு 8 மணி 38 நிமிஷத்துக்கு ஜானின் 'பைப்பர் சரடோகா' விமானம் கிளம்பியது. ஒரே எஞ்சின். ஜானுடன் மனைவியும், மனைவியின் அக்காளும் இருந்தார்கள். அக்காளை மார்த்தாஸ் வினியார்டு என்ற தீவில் இறக்கிவிட வேண்டும். பிறகு ஹையானிஸ் போக வேண்டும். மறுநாள் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம்!

ஜான் ஏற்கெனவே சுமார் 310 மணி நேரம் பறந்தவர். ஆனால் இந்த விமானத்தில், பக்கத்தில் ஆசிரியர் இல்லாமல் பறந்தது 3 மணி நேரம்தான். வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சியைத் தொடங்கியிருந்தார். முடிக்கவில்லை. அன்று ஓர் ஆசிரியர் கூட வருவதாகச் சொன்னார். தனியாகவே போக விரும்புவதாக ஜான் பதில் சொல்லிவிட்டார்.

விசாரணை அறிக்கை 2000-ம் ஆண்டு ஜூலையில் வெளிவந்தது. எந்த வினாடியில் எங்கே, எத்தனை அடி உயரத்தில் பறந்தார் என்று ராடார் பதிவுகள் சொல்கின்றன. அந்தக் கணக்கைப் பாவனை விமானத்துக்குக் கொடுத்தால் போதும். அதே நேரம், அதே பாதை, அதே மங்கல்.

கடற்கரை ஓரமாகப் போகும் வரை கவலை இல்லை. கீழே ஊர்களின் விளக்குகள் மாலை கோத்தாற்போல் தெரிகின்றன. ரோட் தீவு மாநிலத்தின் கரை முனையைத் தாண்டியதும் ஜான் கரையோரமாகப் போகவில்லை. நேராகக் கடலுக்கு மேல் போனார். சுமார் 30 மைல் வெறும் தண்ணீர்.

இந்த இடத்தில் திரை சட்டென்று கறுப்பாகிவிடுகிறது. அமாவாசை கழிந்து நாலாம் நாள். பிறை மேற்கே தாழ்ந்து கிடக்கிறது. விமானமோ கிழக்கே போகிறது. காற்றில் புகை மாதிரி மங்கல். எது வானம், எது கடல்? கோடே தெரியவில்லை!

கடைசி அரை நிமிஷம்

மணி 9-40. உயரம் சுமார் 2,500 அடி. விமானம் இடது பக்கம் சாய்கிறது. பிறகு வலது பக்கம். சாய்வு 45 டிகிரியைத் தாண்டுகிறது. மூக்கு கீழே இறங்குகிறது. 9 மணி 40 நிமிஷம் 34 வினாடிக்குக் கடைசி ராடார் புள்ளி. உயரம் 1,100 அடி. அப்போது விமானம் நிமிஷத்துக்கு 4,700 அடிக்கும் அதிகமான வேகத்தில் விழுந்துகொண்டிருந்தது.

எஞ்சினில் கோளாறு எதையும் விசாரணைக்காரர்கள் காணவில்லை. விமானி திசை மயங்கி, விமானத்தைத் தம் வசத்தில் வைத்திருக்க முடியாமல் போனதே காரணம் என்றார்கள்.

மயக்கம் என்றால் தூக்கமா? இல்லை. காது செய்யும் மோசடி!

தட்டாமாலை சுற்றிய பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். நின்ற பிறகும் வீடு சுற்றுகிறது என்று சொல்லும். காதுக்குள்ளே உடைந்த வளையல் துண்டுகள் போல மூன்று வளைந்த குழாய்கள் இருக்கின்றன. அவற்றில் நீர் இருக்கிறது. உடம்பு திரும்பினால் அந்த நீர் அசைந்து மூளைக்குச் செய்தி சொல்லும். ஆனால் ஒரே சீராகச் சுற்றிக்கொண்டிருந்தால், கொஞ்ச நேரத்தில் நீரும் கூடவே சுற்றத் தொடங்கிவிடும். செய்தி நின்றுபோகும். விமானம் சாய்ந்து சுற்றும். விமானியோ நேராகப் போவதாக நினைப்பார்!

உயரம் குறைவதைக் கண்டு அவர் கைப்பிடியைப் பின்னால் இழுப்பார். இங்கேதான் ஆபத்து. சாய்ந்த விமானத்தில் அப்படி இழுத்தால் விமானம் ஏறாது. சுற்று இன்னும் இறுகும். இன்னும் வேகமாக இறங்கும். முதலில் இறக்கைகளைச் சமமாக்க வேண்டும். பிறகுதான் இழுக்க வேண்டும். இதற்கு விமானிகள் வைத்திருக்கும் பெயர் 'சுடுகாட்டுச் சுழல்'.

1954-ல் இல்லினாய்ஸ் பல்கலைக் கழகத்தார் ஒரு சோதனை செய்தார்கள். கருவி பார்த்து ஓட்டிப் பழகாத 20 பேரை நிஜ விமானத்தில் ஏற்றி, வெளிக்காட்சியை மறைத்தார்கள். பக்கத்தில் ஆசிரியர் காவல். 20 பேரும் விமானத்தைத் தவறவிட்டார்கள். சராசரியாக எத்தனை நேரத்தில்? 178 வினாடி. மூன்று நிமிஷம்கூட இல்லை! அதே ஆட்களுக்குச் சில மணி நேரம் பயிற்சி கொடுத்தபின், அநேகமாக எல்லாரும் பத்திரமாகத் திரும்பி வந்தார்கள்.

நாற்காலி அசையாது

மேஜை விமானத்தில் ஒரு வேடிக்கை உண்டு. ஜான் போன பாதையில் போகிறவர்களில் பலர் சிரமம் இல்லாமல் தீவில் இறங்கிவிடுகிறார்கள். "இது என்ன பெரிய காரியம்?" என்று கேட்கிறார்கள்.

காரணம் எளிது. அவர்களுடைய நாற்காலி அசையவில்லை. காது பொய் சொல்லவில்லை. கண் மட்டும் வேலை செய்கிறது; முள்ளைப் பார்த்து ஓட்டிவிடுகிறார்கள். விமானக் கம்பெனிகளிடம் ஆறு கால்களின் மேல் ஆடும் ராட்சத சிமுலேட்டர்கள் இருக்கின்றன. அவையும் சாயும், குலுங்கும். நிற்காமல் சுற்றும் உணர்ச்சியை மட்டும் அவற்றால் முழுதாகக் கொடுக்க முடியாது. ஆகவே மேஜை விமானத்தில் தப்பியவர், இறந்தவரைக் குறை சொல்வது நியாயம் ஆகாது.

காதின் மோசடியைக் காட்ட வேறு கருவி வேண்டும். அதுதான் பாரானி நாற்காலி. காதைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1914-ம் ஆண்டின் நோபல் பரிசு பெற்ற டாக்டர் ராபர்ட் பாரானியின் பெயர் கொண்டது. மாணவனின் கண்ணைக் கட்டி அதில் உட்கார வைத்து, மெல்லச் சுற்றுகிறார்கள்.

"தம்பி, எந்தப் பக்கம் சுற்றுகிறாய்?"

"வலது பக்கம், சார்."

சிறிது நேரம் போகிறது. நாற்காலி அதே வேகத்தில் சுற்றுகிறது.

"இப்போது?"

"நின்றுவிட்டது, சார்."

ஆசிரியர் நாற்காலியைப் பிடித்து நிறுத்துகிறார்.

"இப்போது?"

"இடது பக்கம் சுற்றுகிறேன், சார்!"

கட்டை அவிழ்க்கிறார்கள். நாற்காலி அசையாமல் நிற்கிறது. பையன் இரு கைப்பிடிகளையும் இறுகப் பற்றிக்கொண்டிருக்கிறான்.