பட்டாளத்தார் வீட்டுப் பெண்களே... பெட்டியைத் திறந்து பாருங்கள்!



எங்கள் வேலூர் மாவட்டத்தில் பட்டாளத்துக்கு ஆள் போகாத ஊர் குறைவு. கம்மவான்பேட்டை பக்கம் போனால் வீட்டுக்கு ஒருத்தர், ரெண்டு பேர் என்று கணக்குச் சொல்வார்கள். என்னவரும் இருபது வருஷம் ராணுவத்தில் இருந்து, ஹவில்தாராக ரிட்டயர் ஆகி வந்தவர்தான்.

"மிலிட்டரிக்காரர் சம்சாரத்துக்கு என்ன கவலை? ஆஸ்பத்திரி செலவெல்லாம் கவர்மென்ட் பார்த்துக்கும்" என்று உறவுக்காரர்கள் சொல்வார்கள். பார்த்துக்கொள்வது உண்மைதான். ஆனால், தானாகப் பார்த்துக்கொள்ளாது. கல்யாணம், குழந்தை, ரிட்டயர்மென்ட், பிள்ளைகளின் கல்யாணம், கணவர் மறைவு என்று குடும்பத்தில் ஒவ்வொரு மாற்றம் வரும்போதும் ஒரு காகிதத்தைச் சரி செய்தால்தான் வைத்தியம் தொடர்ந்து கிடைக்கும். பல வீடுகளில் இந்த விவரம் ஆண்களோடு நின்றுவிடுகிறது. கஷ்டம் வரும்போது அலைவது மட்டும் நாம்! அதனால்தான் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் கல்யாணம். ராணுவத்தில் 'பார்ட் டூ ஆர்டர்' என்று ஒன்று உண்டு. கல்யாணம் ஆனாலும், குழந்தை பிறந்தாலும் சான்றிதழைக் கொண்டுபோய் யூனிட் ஆபீசில் கொடுக்க வேண்டும். அவர்கள் அதை உத்தரவாகப் போட்டு ரெக்கார்டு ஆபீசுக்கு அனுப்புவார்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட்டாருக்கு அந்த ஆபீஸ் நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. மற்றப் பிரிவுகளுக்கு வேறு வேறு ஊர். அந்தப் பதிவில் பெயர் ஏறினால்தான் ராணுவத்தின் கணக்கில் நாம் மனைவி, நம் குழந்தை குழந்தை. அதை வைத்துத்தான் மிலிட்டரி ஆஸ்பத்திரியில் குடும்பத்துக்கு வைத்தியம்.

எங்கள் கல்யாணத்துக்கு அவர் ரெண்டு மாச லீவில் வந்திருந்தார். திரும்பிப் போகிற அன்று, 71 யுத்தத்தில் இருந்த அவருடைய பெரியப்பா வந்து, "முறுக்கு டப்பா அப்புறம் வைக்கலாம்டா... முதல்ல மேரேஜ் சர்ட்டிபிகேட்டைப் பெட்டியில வை" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மகள் பிறந்தபோதும் அவரே நின்று, பிறப்புச் சான்றிதழை ரிஜிஸ்தர் தபாலில் அனுப்ப வைத்தார். பிற்பாடு ஜலந்தர் குவார்ட்டர்சில் இருந்தபோது பனிக்காலத்தில் குழந்தைக்கு மூச்சிரைப்பு வந்து, ராத்திரியில் மிலிட்டரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கார்டைக் காட்டியதும் பெட் கொடுத்தார்கள். அந்த மனுஷர் பேச்சின் அருமை அன்றுதான் புரிந்தது.

ரெண்டாவது, ரிட்டயர்மென்ட். 2003 ஏப்ரல் 1-ந் தேதி 'இ.சி.எச்.எஸ்.' என்ற திட்டம் வந்தது. முன்னாள் படைவீரர்கள் சந்தா கட்டிச் சேரும் மருத்துவத் திட்டம் இது. அன்று முதல் பென்ஷனோடு ரிட்டயர் ஆகிறவர்கள் இதில் கட்டாயம் சேர வேண்டும். ஒரே ஒரு தடவை சந்தா கட்டினால் போதும். 2017 டிசம்பர் கடைசியில் நிர்ணயித்த கணக்குப்படி ஹவில்தார் வரை 30,000 ரூபாய், நாயப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை 67,000, ஆபீசர்களுக்கு 1,20,000. ஜெனரல் வார்டா, தனி அறையா என்பதும் இந்த ரேங்க்படிதான். 1996 ஜனவரி 1-க்கு முன் ரிட்டயர் ஆனவர்களுக்கும், போரில் கணவரை இழந்த சகோதரிகளுக்கும் சந்தா கிடையாது. அந்தக் காலத்துத் தாத்தா யாராவது இன்னும் சேராமல் இருந்தால் தயவுசெய்து எடுத்துச் சொல்லுங்கள்.

இதில் சேர்ந்தால் பாலிகிளினிக்கில் டாக்டரைப் பார்த்து, மருந்து வாங்கிக்கொள்ளலாம். பெரிய வைத்தியம் என்றால் அங்கே ரெஃபரல் எழுதித் தருவார்கள். அதைக் கொண்டு, திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் ஆஸ்பத்திரியில் கையிலிருந்து பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். ரெஃபரல் சீட்டில் போட்டிருக்கும் தேதியை அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். தேதி தாண்டினால் திரும்ப முதலில் இருந்து வர வேண்டும்.

மாமனார், மாமியாரையும் சேர்க்கலாம். கணவரை நம்பி வாழ்பவர்களாக இருக்க வேண்டும். அவர்களின் மாத வருமானம் 9,000 ரூபாயும் அதற்கான அகவிலைப்படியும் என்ற வரம்புக்குள் இருக்க வேண்டும். "கெழவிக்கு எதுக்குடா கார்டு? எனக்கு என்ன நோவா நொடியா?" என்றுதான் என் அத்தையும் சொன்னார்கள். என்னவர் கேட்காமல் சேர்த்துவிட்டார்.

ரெண்டு வருஷம் கழித்து ஒரு ராத்திரி அத்தைக்கு நெஞ்சுவலி. அவர் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தார். பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரி இந்தத் திட்டத்தில் இல்லாதது. அந்த நேரத்தில் அதையெல்லாம் பார்க்க முடியுமா? அங்கேதான் சேர்த்தேன். தோழியரே, இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உயிருக்கு ஆபத்தென்றால் எந்த ஆஸ்பத்திரியிலும் சேர்க்கலாம். ஆனால், 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்ல வேண்டும். பில்லை நாம் கட்டிவிட்டு, பிறகு பணம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். அரசு நிர்ணயித்த கட்டண அளவுக்குத்தான் திரும்பக் கிடைக்கும். மறுநாள் காலை அத்தையின் கார்டையும், அட்மிஷன் சீட்டின் நகலையும் எடுத்துக்கொண்டு நானே போய்ச் சொல்லி, எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து பில், டெஸ்ட் ரிப்போர்ட் ஒன்று விடாமல் வாங்கி வைத்தேன். கையிலிருந்து கொஞ்சம் போனது, பெரும்பகுதி வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக அத்தை இன்று திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மெல்லுகிறார்கள். அது போதும்.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. சில ஆஸ்பத்திரிகளில் கார்டைக் காட்டியதும் முகம் மாறுகிறது. "பழைய பில்லே இன்னும் வரலைம்மா, பெட் இல்லை" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். எழுதிய மாத்திரை ஸ்டாக் இல்லாமல் திரும்பி வந்த நாளும் உண்டு. கிராமத்தில் இருந்து பஸ் ஏறி, டோக்கன் வாங்கி வருவதற்குள் ஒரு நாள் போய்விடும். அதற்காகக் கார்டைத் தூக்கிப் பரணில் போட்டுவிடக் கூடாது. தட்டிக் கேட்டு, எழுதிக் கொடுத்து வாங்க வேண்டியதுதான்.

மூன்றாவது, பிள்ளைகள். மகனுக்கு 25 வயது, வேலை, கல்யாணம் இந்த மூன்றில் எது முதலில் வருகிறதோ அதுவரைதான். மகளுக்கு வயது வரம்பு இல்லை. கல்யாணம் ஆகும் வரை, அல்லது சொந்தச் சம்பாத்தியம் வரும் வரை உண்டு. அதற்குப் பிறகு தகவல் சொல்லி, அவர்கள் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். "இருந்துட்டுப் போகட்டுமே" என்று உபயோகித்தால் மொத்தக் குடும்பத்துக்கும் வம்பு.

பலருக்குத் தெரியாத ரெண்டு விஷயம் சொல்கிறேன். சம்பாதிக்க இயலாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு உரிய சான்றிதழ் இருந்தால் 25 வயதோடு நிற்காது. அதே மாதிரி, கட்டிக் கொடுத்த மகள் கணவரை இழந்தோ, விவாகரத்தாகியோ வருமானம் இல்லாமல் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டால், அவளைத் திரும்பச் சேர்க்க வழி இருக்கிறது. இப்படி வந்த பெண்ணை "உனக்கு இனிமே இங்க என்ன இருக்கு" என்று கேட்கிறவர்கள் இருக்கும் ஊரில், இதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது.

கடைசி விஷயம், நாம் வாயால் சொல்லவே பயப்படுவது... கணவர் மறைவு.

எங்கள் தெருவில் ஒரு அக்கா. கணவர் சுபேதாராக இருந்து ரிட்டயர் ஆனவர். மாரடைப்பில் போய்விட்டார். அவர் சந்தா கட்டிச் சேர்ந்திருந்ததால் அக்கா புதிதாகப் பணம் கட்டத் தேவையில்லை. குடும்ப பென்ஷன் பெறும் மனைவி என்று கார்டை மாற்றிக்கொண்டால் போதும். ஆனால் பெயர் இடித்தது! சர்வீஸ் பதிவில் இருந்தது வீட்டில் கூப்பிடும் பெயர். ஆதாரில் இருப்பது பள்ளிக்கூடப் பெயர். பிறந்த தேதியும் வேறே. "ரெண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபியுங்கள்" என்றார்கள். அபிடவிட், முன்னாள் படைவீரர் நல அலுவலகம், ரெக்கார்டு ஆபீசுக்குத் தபால் என்று எட்டு மாசம் அலைந்தார். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரையைக் கடன் வாங்கி வாங்கினார். "முப்பது வருஷம் அவரோட வாழ்ந்தேன். நான்தான் பொண்டாட்டின்னு இப்ப காகிதத்துல காட்டச் சொல்றாங்கடி" என்று அழுதபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

இந்தப் பெயர்த் தகராறு நம் பக்கத்தில் சர்வ சாதாரணம். லட்சுமி என்று நாம் 'கே, எஸ், எச்' போட்டு எழுதினால், வடக்கத்தி கிளார்க் 'எக்ஸ்' போட்டு முடித்துவிடுவார். நமக்கு இனிஷியல் முன்னால், அவர்களுக்குப் பின்னால். கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பிறகு கணவர் இனிஷியல். கணவர் இருக்கும்போது அவர் ஒரு கையெழுத்தில் சரி செய்வதை, அவர் போன பிறகு நாம் பத்து வாசல் ஏறித்தான் சரி செய்ய வேண்டும்.

இப்போது பையன்களை அக்னிவீராக அனுப்பும் அம்மாக்களுக்கும் ஒரு வார்த்தை. 2022-ல் வந்த இந்தத் திட்டத்தில் நாலு வருஷம் முடிந்ததும் அதிகபட்சம் நூற்றுக்கு 25 பேரைத்தான் நிரந்தரமாக எடுப்பார்கள். வெளியே வருகிறவர்களுக்குப் பென்ஷனும் இல்லை, இ.சி.எச்.எஸ்.சும் இல்லை. என் அக்கா மகனும் போயிருக்கிறான். "சித்தப்பாவுக்கு இருக்கிற மாதிரி உனக்கும் இருக்கும்னு நினைச்சுக்காதடா. வர்ற பணத்துல முதல்ல ஒரு மெடிக்கல் இன்சூரன்ஸ் போடு" என்று சொல்லியிருக்கிறேன். வருமான வரம்புக்குள் வரும் குடும்பமானால், முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் சேர்ந்துகொள்ளலாம்.

ஆகவே தோழியரே, இந்த ஞாயிற்றுக்கிழமை டி.வி.யை ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு, கணவரைப் பக்கத்தில் உட்கார வைத்து அந்த இரும்புப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். சர்வீசில் இருந்தால், கல்யாணத்துக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் பார்ட் டூ ஆர்டர் போட்டாயிற்றா என்று கேளுங்கள். ரிட்டயர் ஆகியிருந்தால் டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் உத்தரவான பி.பி.ஓ., இ.சி.எச்.எஸ். கார்டு, ஆதார் நான்கையும் வரிசையாக வைத்து, உங்கள் பெயரை எழுத்து எழுத்தாக, பிறந்த தேதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் இப்போதே ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் ரெண்டு செட் ஜெராக்ஸ் எடுத்து, ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும். இப்போது பென்ஷன், கார்டு எல்லாம் கம்ப்யூட்டர் வழியாக நடப்பதால் ஓ.டி.பி. எந்த போன் நம்பருக்கு வருகிறது என்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

"என்னடி, நான் போறதுக்கு முன்னாடியே கணக்குப் பார்க்கறியா?" என்று கோபித்துக்கொள்வார்கள். என்னவரும் கோபித்துக்கொண்டார். "இருபது வருஷம் எல்லையைக் காத்தீங்க, வீட்டை யாருங்க காக்கறது?" என்றேன். சிரித்துக்கொண்டே சாவியை எடுத்துக் கொடுத்தார்.

நீங்களும் சாவியைக் கேட்டு வாங்குவீர்கள்தானே?

— ஒரு வாசகி, வேலூர் மாவட்டம்.