சந்தையும் மலையும்: உலக வாணிகம் பசுமைப் பொருளாதாரத்திற்குத் துணையாகுமா?

காளப்பநாயக்கன்பட்டியைக் கடந்து காரவள்ளி அடிவாரத்தை அடைவோர் எழுபது கொண்டை ஊசி வளைவுகளை ஏறிக் கொல்லிமலையை அடைகின்றனர். அதே பாதையில் மிளகும் காப்பியும் மரவள்ளிக் கிழங்கும் கீழே இறங்குகின்றன. நிலத்தையும் நீரையும் காட்டையும் அழிக்காமல், ஏழையையும் தள்ளிவிடாமல் மக்கள் பிழைக்கும் வழியையே பசுமைப் பொருளாதாரம் என்கிறோம். உலக வாணிகம் அதற்குத் துணையாகுமா என்பதை இம்மலையை முன்வைத்து ஆராய்வோம்.

1. மலையை மாற்றிய சந்தை

உலகச் சந்தை இம்மலைக்குப் புதியதன்று. இரண்டாம் உலகப் போரின்போது கீழ்த்திசை நாடுகளிலிருந்து ஜவ்வரிசியும் மாவுப்பொருளும் வருவது தடைப்பட்டது. அதன் விளைவாக 1943ஆம் ஆண்டளவில் சேலத்தில் ஜவ்வரிசித் தொழில் தோன்றியது. பின்னர் ஆலைகள் பெருகின. மலைக்குச் சாலையும் வந்தது. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகளில் மரவள்ளி பரவியது. அது கைக்குப் பணம் தந்தது உண்மையே. ஆனால் கிழங்கைத் தோண்டும்போது சரிவின் மண் இளகி மழையில் கரைகிறது. ஆலைகள் விலை குறைத்தால், விற்றுப் பிழைக்கும் குடும்பத்திற்கு உண்ண வேறு தானியமும் இல்லை. சந்தை தானாகவே பசுமையைக் கொணராது என்பதற்கு இதுவே சான்று.

2. வாணிகம் துணையாகும் விதம்

எனினும் மறுபக்கமும் உண்டு. எம். எஸ். சுவாமிநாதன் 1988இல் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனம் பின்னர் கொல்லிமலையில் சிறுதானியப் பணியைத் தொடங்கியது. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியமும் அதற்குத் துணைநின்றது. உரலில் சாமை குற்றும் கடும் உழைப்பே பெண்கள் அதைக் கைவிட ஒரு காரணம் என்பது உணரப்பட்டது. எனவே அரைவை இயந்திரங்கள் வந்தன. விதை வங்கிகள் ஏற்பட்டன. மகளிர் குழுக்கள் சிறுதானியப் பொருள்களை விற்கத் தொடங்கினர். இந்தியாவின் முன்மொழிவை ஏற்று ஐக்கிய நாடுகள் சபை 2023ஐப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. ஏழையின் கூழாக இகழப்பட்ட தானியம் இவ்வாறு மதிப்புப் பெற்றது.

மிளகும் காப்பியும் இத்தகையனவே. நிழல்மரங்களின் கீழ்க் காப்பியும், அம்மரங்களைப் பற்றி மிளகும் வளர்கையில் மண் காக்கப்படுகிறது. இயற்கை வேளாண்மைச் சான்றுடைய விளைபொருளுக்கு அயல்நாட்டார் கூடுதல் விலை தருவாராயின், மரத்தை வெட்டாதிருப்பதே வருவாயாகிறது.

3. சான்றிதழின் சுமை

இங்கே ஓர் இடர் எழுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் ஒரு சட்டத்தை ஏற்றது. அதன் நடைமுறை பின்னர் ஒத்திவைக்கப்பட்ட போதிலும், அதன் கருத்து தெளிவானது: 2020ஆம் ஆண்டின் இறுதிக்குப்பின் காடழிக்கப்பட்ட நிலத்தில் விளைந்த காப்பி அங்கு விற்கப்படலாகாது, விளைந்த நிலத்தின் இருப்பிடமும் குறிக்கப்பட வேண்டும். நோக்கம் நன்றே. ஆனால் பெருந்தோட்டக்காரர் எளிதில் காட்டும் ஆவணத்தை, பட்டா இல்லாத பழங்குடி விவசாயி எங்ஙனம் காட்டுவார்? காட்டை அழியாது காத்தவரே சந்தைக்கு வெளியே நிற்க நேரிடலாம். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி உரிமை பெறுவதும், பலர் குழுவாகச் சேர்ந்து ஒரே சான்றிதழ் பெறுவதும் இதற்கு மாற்றாகும். இவ்விரண்டிற்கும் துணைநிற்போர் தேவை.

4. திருமறையின் நோக்கு

திருமறை வாணிகத்தை வெறுக்கவில்லை. எசேக்கியேல் 27ஆம் அதிகாரம் தீருவின் சந்தைப் பொருள்களை வியப்புடன் அடுக்குகிறது. யூதாவின் கோதுமையும் தேனும் எண்ணெயும் அவற்றுள் அடங்கும். அடுத்த அதிகாரமோ, வாணிகத்தின் மிகுதியால் அந்நகரில் கொடுமை நிறைந்ததென்று தீர்ப்புக் கூறுகிறது. ஆமோஸ் 8இல் கண்டிக்கப்படுவோர் தானியம் விற்போராக இருப்பதனால் அன்று, கள்ளத்தராசினால் ஏழையை விலைக்கு வாங்குவதனாலேயே கண்டிக்கப்படுகின்றனர். நம் நாளில் தராசு என்பது எடைக்கல் மட்டுமன்று. விலையும் சான்றிதழும் ஒப்பந்தமும் தராசுகளே. லேவியராகமம் 25 நிலம் கர்த்தருடையதென்று கூறுவதால், மண்ணின் இழப்பையும் கணக்கில் சேர்க்காத விலை நேர்மையான விலையாகாது.

5. திருச்சபையின் பணி

ஜெசி பிராண்டும் ஈவ்லின் பிராண்டும் 1913இல் இம்மலையில் குடியேறினர். நற்செய்தியோடு மருத்துவம், கல்வி, வேளாண்மை, கைத்தொழில் ஆகியவற்றையும் பணியாகக் கொண்டனர். ஜெசி பிராண்ட் 1929இல் காய்ச்சலால் மறைந்தார். அவர்கள் ஆத்துமாவையும் நிலத்தையும் வேறுவேறாகப் பிரித்துப் பார்க்கவில்லை. இன்றைய போதகருக்கும் இதில் பாடம் உண்டு. உரிமை மனு எழுத உதவுதல், உழவர் குழு அமைய வழிசெய்தல், அறுப்பின் பண்டிகை விருந்தில் மலைச் சாமையை நியாய விலைக்கு வாங்கிச் சமைத்தல் ஆகியவை எந்தச் சபைக்கும் இயலும்.

கடைசியாக ஓர் அளவுகோல். சாமை கப்பலேறியும், அதை விளைவித்த வீட்டுப் பிள்ளைக்கு அது கிட்டாமற்போனால், அந்த வாணிகம் பசுமையானதன்று. முதற்பங்கு அவ்வீட்டு அடுப்பிற்கும், மிகுதி உலகத்திற்கும் செல்லுமாயின், அப்போதே மலைப்பாதை இருபுறமும் நன்மை கொண்டுசெல்லும் பாதையாகும்.