மூவருக்கும் ஒரு கதை

சிறுவர்க்கு ஒரு கதை, இளைஞர்க்கு மற்றொன்று, முதியோர்க்கு வேறொன்று என வகுத்து எழுதுவது வழக்கமாகிவிட்டது. இதனால் நேரும் இழப்புச் சிறிதன்று. பேரனும் பாட்டனும் கூடிப் பேசுவதற்குப் பொதுவான கதை ஒன்றேனும் இல்லாத வீட்டில், பேச்சே குறைந்துவிடுகிறது. ஒரே கதை எல்லா வயதினரையும் ஈர்க்குமா என்று ஐயுறுவோர்க்குப் புத்தளம் மாவட்டத்துக் கடற்கரையிலே விடை உண்டு.

கடலுக்கும் முந்தல் களப்புக்கும் இடையே அமைந்தது உடப்புக் கிராமம். அம்பாப் பாடல் பாடிக் கரைவலை இழுக்கும் மக்களின் ஊர் அது. ஆடி மாதத்திலே அங்குள்ள திரௌபதையம்மன் ஆலயத்தில் விழா நிகழும். அதன் உச்சம் தீமிதிப்பு. அவ்வூர்ப் பிள்ளைக்குப் பாரதம் ஏட்டுக்குள் அடங்கிய கதையன்று. பெற்றோருடன் கூடி நின்று காணும் கதை.

அப்பாரதத்தின் சூதாட்டத்தை எண்ணிப் பார்ப்போம். காய் உருளும்போது, அடுத்து யாது நிகழுமோ எனச் சிறுவன் மூச்சடக்கிக் கேட்கிறான். தன்னையே தோற்றவருக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை உண்டோ எனத் திரௌபதை வினவும்போது இளைஞனின் நெஞ்சு கொதிக்கிறது. அறமறிந்த வீட்டுமரும் தெளிந்த விடை கூறாது தயங்குவதைக் கேட்கும் முதியவரோ, தாம் பேச வேண்டிய இடத்தில் பேசாதிருந்த நாளை நினைந்து தலை கவிழ்கிறார். நிகழ்ச்சி ஒன்றே, அதனுள் நுழையும் வாயில்கள் மூன்று.

இக்கதையை இராஜாஜி 1940களில் 'வியாசர் விருந்து' என்னும் பெயரில் 'கல்கி' இதழில் எழுதினார். வாக்கியம் சுருங்கிற்று, சொல் எளிதாயிற்று, திரௌபதையின் வினா மட்டும் கூர் மழுங்கவில்லை. எளிமை வேறு, மெலிவு வேறு. மேல்நாட்டிலும் இவ்வுண்மையைக் காணலாம். 1726இல் வெளிவந்த சுவிஃப்டின் 'கலிவரின் பயணங்கள்' சிறுவர்க்கென எழுதப்பட்டதன்று. எனினும் குள்ள மனிதரின் நாட்டைக் கண்டு சிறுவர் களிக்கின்றனர். அதே பக்கங்களில் அரசியலாரின் சிறுமையைப் பெரியோர் காண்கின்றனர்.

ஆகவே, கதை எழுதுவோர் நிகழ்ச்சியைக் கண்முன் நிறுத்துதல் வேண்டும். பாத்திரம் எடுக்கும் முடிவு உண்மையிலேயே கடினமானதாய் இருத்தல் வேண்டும். பிள்ளைக்கு விளங்காதென அஞ்சி எதனையும் வெட்டி எறிதல் ஆகாது. பத்து வயதிலே விளங்காத வீட்டுமரின் தயக்கம் ஐம்பது வயதிலே விளங்கும். அதற்கு இடம் விட்டு எழுதப்படும் கதையே வீடு முழுவதற்கும் உரிய கதையாகும்.